தேனியாவா, தீஞாவா? செல்லப்பிராணிச் சான்றிதழில் ஸ்பானியப் புழுக்கள்

ஸ்பெயினிலிருந்தும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் நாய், பூனையோடு கிளம்புகிறவர்களும், அவர்களுக்காகக் காகிதங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் மொழிபெயர்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், ஒட்டுண்ணி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஸ்பானியச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறோம்.

கே: எங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தில் 'தெஸ்பராசித்தாதோ' என்று ஒரு முத்திரை, கீழே தேதி. வேறொன்றும் இல்லை. மொழிபெயர்த்தவர் இதை ஆங்கிலத்தில் 'ஒட்டுண்ணிகள் அற்றது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சரிதானா? (மாட்ரிட்)

ப: சரியில்லை. அந்தச் சொல் சொல்வது ஒரு செயலைத்தான்: ஒட்டுண்ணிக்கு மருந்து கொடுத்தாயிற்று. விளைவைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. மாத்திரை விழுங்கிய மறுநாள் பூங்காவில் ஒரு தெள்ளுப்பூச்சி ஏறிக்கொண்டால், மருந்து கொடுத்தது உண்மையாகவே இருக்கும், 'ஒட்டுண்ணி அற்றது' என்பது பொய்யாகிவிடும்.

ஸ்பானியச் சான்றிதழ்களில் இந்த விஷயத்தில் மூன்று படிகள் உண்டு. 'தெஸ்பராசித்தாதோ' என்றால் மருந்து கொடுக்கப்பட்டது. 'நோ சே ஒப்செர்வான் எக்தோபராசிதோஸ்' என்றால் பரிசோதனையின்போது உடம்பின் மேல் எதுவும் தென்படவில்லை. சில மருத்துவர்கள் 'அ சிம்ப்ளே விஸ்தா', அதாவது வெறும் கண்ணுக்கு, என்று சேர்த்துத் தங்கள் பொறுப்பை இன்னும் குறுக்கிக்கொள்வார்கள். 'லீப்ரே தே பராசிதோஸ்' என்றால்தான் 'இல்லை' என்ற உறுதிமொழி. முதல் படியில் நின்று கையெழுத்திட்ட மருத்துவரை மூன்றாம் படிக்குத் தூக்கிவிட மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கிடையாது.

அகம், புறம் என்ற சிக்கலும் இருக்கிறது. ஸ்பானியச் சொல் வயிற்றுப் புழு, தோல் மேல் உண்ணி இரண்டையும் தழுவியது. ஆங்கிலத்தில் 'டீவோர்ம்டு' என்று போட்டால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் கழன்றுவிடும். தமிழில் 'குடற்புழு நீக்கம்' என்றாலும் அதே கதைதான். 'பூச்சி மருந்து கொடுத்தாச்சு' என்று வீட்டில் சொன்னால் எல்லாருக்கும் புரியும்; சான்றிதழில் எழுதினால் வயலுக்கு அடிப்பதாகிவிடும். 'ஒட்டுண்ணி நீக்க மருந்து' என்று எழுதி, மூலத்தில் 'இன்தேர்னா' இருந்தால் அகம், 'எக்ஸ்தேர்னா' இருந்தால் புறம் என்று சேருங்கள். மூலத்தில் இரண்டும் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

உங்கள் முத்திரையை எப்படி மொழிபெயர்த்தாலும் அது போதாது. மருத்துவரிடம் திரும்பப் போய், அகத்துக்கும் புறத்துக்கும் தனித்தனி வரியில் மருந்தின் பெயர், அதிலுள்ள மருந்துப் பொருள் ('பிரின்சிப்பியோ ஆக்தீவோ'), அளவு, கொடுத்த வழி, தொகுதி எண் ('லோத்தே'), தேதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அர்ஜென்டினா, உருகுவே போன்ற மெர்கோசூர் (தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பு) நாடுகளுக்குள் போவதானால், சான்றிதழ் வழங்கும் நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் அகம், புறம் இரண்டுக்கும் மருந்து கொடுத்திருக்க வேண்டும். வெறும் முத்திரையை வைத்து அதைக் காட்ட முடியாது.

கே: மெக்சிகோவிலிருந்து நாயோடு அமெரிக்கா போகிறோம். 'லீப்ரே தே குசானோ பர்ரெனதோர்' என்ற வரியை ஒரு மென்பொருள் 'துளைப்பான் புழு அற்றது' என்று தருகிறது. துளைப்பான் என்றால் கரும்பில் வருவதல்லவா? (கேரெத்தாரோ)

ப: உங்கள் சந்தேகம் நியாயமானது. 'பர்ரேனா' என்பது தச்சரின் துறப்பணம். அதனால் ஸ்பானிய விவசாயிகள் தண்டுத் துளைப்பானையும் 'பர்ரெனதோர்' என்றுதான் சொல்வார்கள். கால்நடைச் சான்றிதழில் 'குசானோ பர்ரெனதோர் தெல் கனாதோ' என்று வந்தால் அது வேறு: திருகுப்புழு, ஆங்கிலத்தில் ஸ்க்ரூவோர்ம். கோக்லியோமையா ஹோமினிவோராக்ஸ் என்ற ஈயின் புழு அது. ஈ புண்ணின் ஓரத்தில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும் புழுக்கள் உயிருள்ள சதையைத் திருகித் திருகித் தின்றுகொண்டு உள்ளே போகும். சாதாரண ஈப்புழு அழுகியதைத் தின்னும். இது அழுகாததைத் தின்னும். உண்ணி கடித்த புள்ளி அளவு புண் இருந்தாலே அதற்குப் போதும்.

இந்த ஒரு வரிக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு 1966-ல் இதை ஒழித்த நாடு அது. மெக்சிகோ 1991-ல் ஒழித்தது. 2023-ல் பனாமாவில் தொடங்கி மீண்டும் வடக்கே ஏறி, 2024 நவம்பரில் சியாப்பாஸ் மாநிலத்தை எட்டியது. திருகுப்புழு உள்ள நாட்டிலிருந்து வரும் நாய்க்கு அமெரிக்கா கேட்பது இதுதான்: புறப்படுவதற்கு முந்தைய 5 நாட்களுக்குள் நாய் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும், திருகுப்புழு இல்லை என்றோ, இருந்து, தனிமைப்படுத்திச் சிகிச்சை அளித்து முற்றிலும் நீங்கிய பிறகே புறப்படுகிறது என்றோ சான்று வேண்டும். கையெழுத்திடுபவர் ஏற்றுமதி நாட்டின் முழுநேர அரசுக் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரின் கடிதத்தை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் இந்த இடத்தில் செல்லாது.

'மியாசிஸ்' என்று மட்டும் இருந்தால் அதைத் திருகுப்புழு ஆக்காதீர்கள். அது எந்த ஈயின் புழு உடம்பில் இருந்தாலும் சொல்லும் பொதுப்பெயர். மெக்சிகோவில் பேச்சுவழக்கில் 'குசனேரா', அர்ஜென்டினா, உருகுவேயில் 'பிச்சேரா'. நம் ஊரில் 'புண்ணில் புழு வைத்துவிட்டது' என்கிறோமே, அச்சாக அதுதான். இந்தியாவிலும் ஒரு திருகுப்புழு உண்டு, கிரைசோமையா பெசியானா என்ற வேறொரு ஈயினுடையது. ஆகவே மூலத்தில் லத்தீன் பெயர் இருந்தால் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே படியெடுங்கள். இரண்டு ஈக்களையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பெயர் மட்டுமே.

கே: எங்கள் பூனையின் பழைய மருத்துவக் குறிப்பில் 'நூச்சே எடுக்கப்பட்டது' என்றும் 'புர்கார்' என்றும் இருக்கிறது. இரண்டாவது பேதி மருந்தா? (பொகோட்டா)

ப: கொலம்பியாவில் 'புர்கார்' என்றால் குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பது, 'புர்காந்தே' அந்த மருந்து. அகராதியை நம்பினால் பூனைக்குப் பேதி கொடுத்ததாக ஆகும். எந்த மருந்து என்று பாருங்கள். பைரான்டல், ஃபென்பெண்டசோல் மாதிரி பெயர் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

'நூச்சே' என்பது டெர்மட்டோபியா ஹோமினிஸ் ஈயின் புழு. நாட்டுக்கு நாடு பெயர் மாறும்: மத்திய அமெரிக்காவில் 'தோர்சலோ', குவாத்தமாலா பக்கம் 'கொல்மொயோத்தே', அர்ஜென்டினாவில் 'ஊரா'. புண் இல்லாத தோலில் ஒரு கட்டி, கட்டி நடுவே மூச்சு விட ஒரு துளை, உள்ளே ஒற்றைப் புழு. முட்டையைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் கொசு. இதைத் திருகுப்புழு என்று மொழிபெயர்த்துவிட்டால், உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஒன்றை உங்கள் பூனையின் மேல் ஏற்றிவிடுகிறீர்கள். 'தோலடி ஈப்புழு' என்று எழுதி, மூலச் சொல்லையும் பக்கத்தில் வையுங்கள்.

கே: கப்பலில் சந்தாந்தேரிலிருந்து போர்ட்ஸ்மத் போகிறோம். நாடாப்புழு மருந்து பற்றிய பக்கத்தில் 'தேனியா' என்று இருக்கிறது, இன்னொரு பக்கத்தில் 'தீஞா நெகாத்தீவோ'. இரண்டும் ஒன்றா? (பில்பாவோ)

ப: ஒன்றல்ல. 'தேனியா' நாடாப்புழு. 'தீஞா' படர்தாமரை, அதாவது பூஞ்சை. ஆங்கிலத்தில் அதற்கு ரிங்வோர்ம் என்று பெயர் வைத்து, இல்லாத புழு ஒன்றை உள்ளே விட்டுவிட்டார்கள். அதைத் தமிழில் 'வளையப்புழு' என்று பெயர்த்தால் பிழை இரட்டிப்பாகும். ஸ்பானிய மொழியில் நம் ஞகர ஒலிக்கு உள்ள எழுத்து, நகர எழுத்தின் தலையில் ஒரு சிறு நெளிகோடு போட்டது. தட்டச்சில் அந்தக் கோடு விழாமல் போனால் 'தீஞா', 'தீனா' ஆகிவிடும். அதற்குத் தொட்டி என்று பொருள். கையெழுத்தில் நெளிகோடு மங்கியிருந்தால் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்: முடி, தோல் சுரண்டல், வளர்ப்புச் சோதனை என்று இருந்தால் பூஞ்சை, மாத்திரை, மலம் என்று இருந்தால் புழு.

பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகியவை நாய்களிடம் கேட்பது ஏதோ ஒரு நாடாப்புழு மருந்தை அல்ல, எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்ற நரி நாடாப்புழுவுக்கான மருந்தை. நாட்டுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் கொடுத்திருக்க வேண்டும். வழக்கமாகப் பிராசிகுவாண்டல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். மருந்துக்குப் புழுவைக் கொன்று வெளியேற்ற நேரம் வேண்டும், அதற்கு 24. உடம்பில் தங்கிக் காக்கும் குணம் அதற்குக் கிடையாது, நாளை ஓர் எலியைத் தின்றாலும் மறுபடி தொற்றும், அதற்கு 120. ஏப்ரல் 3 மதியம் 1:30-க்குக் கொடுத்தால், ஏப்ரல் 4 மதியம் 1:30-க்கும் ஏப்ரல் 8 மதியம் 1:30-க்கும் நடுவில் நுழைய வேண்டும். தேதியோடு மணியும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். பூனைகளுக்கு இந்த விதி இல்லை.

அடிக்கடி நடக்கும் பிழை எழுதும் இடத்தில் வருவது. ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டில் எக்கினோகாக்கஸுக்கு ஒரு பகுதி, 'ஓத்ரோஸ் திரத்தமியெந்தோஸ் அந்திபராசித்தாரியோஸ்' என்று மற்ற ஒட்டுண்ணிகளுக்கு அடுத்த பகுதி. மருத்துவர் பழக்கத்தில் எல்லாவற்றையும் இரண்டாவதிலேயே எழுதிவிடுவார். சரியான மருந்து, சரியான நேரம், தவறான பக்கம். கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் புரட்டிப் பாருங்கள்.

தென் அமெரிக்கக் காகிதங்களில் 'இதாத்திதோசிஸ்' என்று வருவது இதன் உறவுக்காரப் புழு, எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். ஆடு மேயும் பகுதிகளில் ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே சுற்றுவது. மருந்து ஒன்றேதான். ஆனாலும் மூலத்தில் ஒன்று இருக்க மற்றதை எழுதக் கூடாது. நீர்க்கட்டி வருவது ஆட்டுக்கும் மனிதருக்கும். நாயின் குடலில் இருப்பது முழு வளர்ந்த புழு. 'நாய்க்கு நீர்க்கட்டி நோய்' என்று எழுதினால் படிக்கிற மருத்துவர் புருவத்தை உயர்த்துவார்.

கே: 'தெஸ்த் தே ஃபிலாரியா: நெகாத்தீவோ'. நாய்க்கு யானைக்கால் சோதனையா? (வலென்சியா)

ப: தமிழ்க் காதுக்கு ஃபைலேரியா என்றாலே யானைக்கால்தான். அது வுச்செரேரியா புழுவால் மனிதருக்கு வருவது. ஸ்பெயினில் நாய்க்கு 'ஃபிலாரியா' என்றால் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ், இதயப்புழு. மெக்சிகோவில் 'குசானோ தெல் கொரசோன்' என்று நேராகவே எழுதுவார்கள். 'இதயப்புழுச் சோதனை' என்று மொழிபெயர்த்து, எந்தச் சோதனை என்பதையும் விடாமல் எழுதுங்கள். 'அந்தீஹெனோ' என்றால் முதிர்ந்த பெண் புழு வெளியிடும் பொருளைத் தேடுவது. தொற்றி ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்வரை அது பிடிபடாது. 'மிக்ரோஃபிலாரியாஸ்' என்றால் இரத்தத்தில் குஞ்சுப் புழுக்களைத் தேடுவது. ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று பொருளல்ல. தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்ற இன்னொன்றும் உண்டு. இலங்கையிலும் கேரளத்திலும் மனிதரின் கண்ணில்கூட எடுத்திருக்கிறார்கள்.

கே: லீஷ்மேனியா அறிக்கையில் 'இஃபி 1/80' என்று இருக்கிறது. தமிழில் 'கருங்காய்ச்சல்' என்று போடலாமா? (மலாகா)

ப: வேண்டாம். கருங்காய்ச்சல் பிகார் பக்கம் மனிதரிடையே பரவுவது, லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது. உங்கள் நாய்க்குப் பார்த்தது மத்தியதரைக்கடல் ஓரத்து லீஷ்மேனியா இன்ஃபான்டம். 'நாய் லீஷ்மேனியா நோய்' என்றே எழுதுங்கள். பரப்புவது மணல் ஈ. ஸ்பெயினில் பலர் அதைக் 'கொசு' என்றே சொல்வார்கள், அறிக்கையில் அப்படி வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 'இஃபி' என்பது ஸ்பானியச் சுருக்கம், மறைமுக ஒளிர்வுச் சோதனை. ஆங்கிலத்தில் அதே சோதனை ஐஃபேட். சுருக்கத்தை அப்படியே விட்டால் ஆங்கிலம் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. 1/80 என்பது நீர்த்த விகிதம், பின்னம் அல்ல, 0.0125 என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. அது நேர்மறையா இல்லையா என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். அறிக்கையில் அதன் வரம்பு எங்கே அச்சாகியிருக்கிறதோ, அந்த வரியையும் சேர்த்து மொழிபெயருங்கள்.

கே: கீழே உள்ள வரியைப் பிரித்துச் சொல்ல முடியுமா? 'தெஸ். இன்த்.: ப்ராசிக்குவாந்தெல் + பிராந்தெல் + ஃபெபாந்தெல், 1½ கொம்ப்., வி.ஓ., பேசோ 12,500 கிகி, 03/04/25, 13:30.' (சரகோசா)

ப: நல்ல வரி, எல்லாம் இருக்கிறது. அக ஒட்டுண்ணி நீக்கம், மூன்று மருந்துப் பொருள்கள், ஒன்றரை மாத்திரை, வாய்வழி, எடை, நாள், நேரம்.

எடையில் கவனம். ஸ்பெயினில் கால்புள்ளிதான் தசமப்புள்ளி. 12,500 என்பது பன்னிரண்டரை கிலோ. நம் கண்ணுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, மூன்று யானை எடை. கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்: 12.5 கிலோவுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 62.5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் வேண்டும். மாத்திரைக்கு 50 மில்லிகிராம் என்றால் ஒன்றேகால், மருத்துவர் ஒன்றரையாக்கியிருக்கிறார். பொருந்துகிறது. ரேபீஸ் எதிர்ப்புச்சக்தி அறிக்கையிலும் இதே சிக்கல் வரும்: '0,5' என்பது 0.5. மெக்சிகோ போன்ற சில நாடுகளில் புள்ளியே தசமப்புள்ளி, ஆகவே நாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

03/04/25 என்பது ஏப்ரல் 3. நாம் எழுதுவது மாதிரியேதான், ஆனால் அமெரிக்காவில் மார்ச் 4 என்று படிப்பார்கள். 120 மணி நேர விதி இருக்கும் இடத்தில் இது ஒரு மாதத் தவறு. மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். சில மருத்துவர்கள் மாதத்தை ரோமன் எண்ணில் போடுவதும் உண்டு.

கே: 'கர்ரபாத்தா கஃபே' என்றால் என்ன வகை உண்ணி? (புவேப்லா)

ப: மெக்சிகோவில் பழுப்பு நிறத்துக்கே 'கஃபே' என்றுதான் பெயர். பழுப்பு நாய் உண்ணி, ரைப்பிசெஃபாலஸ் சங்குயினியஸ். நம் ஊர் நாய்களின் காதில் கொத்தாகத் தொங்குவதும் இந்தக் கூட்டம்தான். காபி உண்ணி என்று எழுதிய மொழிபெயர்ப்பைப் பார்த்தவர்கள் உண்டு. பக்கத்தில் 'பான்யோ கர்ரபத்திசீதா' என்று இருந்தால் அது வெறும் குளியல் அல்ல, உண்ணி கொல்லும் மருந்துக் குளியல்.

கே: மலச் சோதனை அறிக்கையில் 'வேவோஸ்', 'கீஸ்தேஸ்', 'ஓ-ஓகீஸ்தேஸ்' என்று மூன்று வரி. மூன்றும் முட்டையா? (மெரிதா)

ப: முதலாவது மட்டும் புழு முட்டை. இரண்டாவது ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் உயிரின் உறை. மூன்றாவது காக்சிடியா என்ற வேறு ஒற்றைச்செல் ஒட்டுண்ணியினுடையது. பெயர் வரிசையில் 'லொம்ப்ரீஸ்' வந்தால் உருண்டைப்புழு. அகராதியில் முதல் பொருள் மண்புழு என்றிருக்கும். நம் நாக்குப்பூச்சியும் ஊருக்கு ஊர் இரண்டையும் குறிக்கிறது, ஆகவே அந்தச் சொல்லையும் இங்கே தவிர்த்துவிடுங்கள்.

கே: மூலத்தில் மருத்துவர் ஆண்டைத் தவறாக எழுதியிருக்கிறார். கையெழுத்தும் புரியவில்லை. மொழிபெயர்க்கும்போது நாங்களே திருத்திவிடலாமா? (சென்னை)

ப: கூடாது. தவறை அப்படியே எழுதி, சதுர அடைப்புக்குள் 'மூலத்தில் இவ்வாறே' என்று குறியுங்கள். திருத்துவது மருத்துவரின் வேலை; அவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைக்கட்டும். வெள்ளைத் திரவம் பூசித் திருத்திய மூலத்தை மொழிபெயர்க்கவே மறுத்துவிடுங்கள். கையெழுத்து புரியாவிட்டால் 'கையெழுத்து, படிக்க இயலவில்லை' என்று எழுதுங்கள், ஊகித்துப் பெயர் போடாதீர்கள்.

மருத்துவர் யார் என்பதைக் காட்டுவது பதிவு எண். ஸ்பெயினில் அது 'கொலெஹியாதோ' எண், அர்ஜென்டினாவில் 'மத்ரீக்குலா', மெக்சிகோவில் 'சேதுலா புரொஃபெசியொனால்', கொலம்பியாவில் 'தர்ஹேத்தா புரொஃபெசியொனால்'. கொலம்பியக் காகிதத்தில் 'சேதுலா' என்று மட்டும் வந்தால் அது மருத்துவப் பதிவு எண் அல்ல, குடிமக்கள் அடையாள அட்டை எண். பெரும்பாலும் நாயின் சொந்தக்காரருடையதாகவே இருக்கும்.